'தங்குவான்' என்றொரு கசாக் பெயர்

கேள்வி: விண்வெளிப் பயணங்களைப் பற்றிய பழைய செய்தித் தொகுப்பு ஒன்றைப் புரட்டியபோது, 1991-ஆம் ஆண்டு விண்வெளிக்குச் சென்ற தோக்தார் அவுபாகிரோவ் என்ற கசாக் வீரரின் பெயர் கண்ணில் பட்டது. இரண்டாம் பகுதி ரஷ்யப் பெயரைப் போல ஒலிக்கிறது. முதற்பகுதியான தோக்தார் எந்த மொழிச் சொல்? பெயர்களுக்குப் பொருள் சொல்லும் பட்டியல் ஒன்றில் 'நிலையானவன்' என்று போட்டிருந்தார்கள். அது சரிதானா?

பதில்: தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெயரில் உயிராக இருப்பது எதுவோ அது அந்த ஒற்றைச் சொல் விளக்கத்தில் விடுபட்டுப் போகிறது. தோக்தார் பெயர்ச்சொல்லும் அல்ல, பண்புச் சொல்லும் அல்ல. அது ஒரு வினைமுற்று. ஒரு முழு வாக்கியமே ஒரு பிள்ளைக்குப் பெயராகியிருக்கிறது.

கசாக் மொழியில் 'தோக்தா' என்பது வினையடி. 'நில்' என்பது அதன் நேர்ப்பொருள். ஓடுகிறவனை நிறுத்தச் சொல்வதும், பெய்துகொண்டிருந்த மழை நின்றது என்பதும், பேருந்து வந்து நின்றது என்பதும் இந்த ஒரே சொல்லால்தான். அதனோடு '-ர்' என்னும் விகுதி சேரும்போது 'தோக்தார்', அதாவது 'நிற்பான்' என்று ஆகிறது. ஆனால் பெயராக வரும்போது 'நிற்பான்' என்பதைவிடத் தமிழில் அதற்கு மிக நெருங்கிய சொல் 'தங்குவான்' என்பதே என்று எனக்குத் தோன்றுகிறது. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன தாயைப் பற்றிப் பேசும்போது, 'பாவம், அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை' என்று நம் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள் அல்லவா? அந்தத் தங்குதல் எந்தப் பொருளில் வருகிறதோ, அதே பொருளில்தான் இந்தப் பெயரில் 'தோக்தா' வருகிறது. முன்பு பிறந்தவர்கள் போய்விட்டார்கள், இவன் தங்குவான்.

இந்த '-ர்' விகுதியைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். கசாக் மொழியில் எதிர்காலத்தைச் சொல்ல ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. 'கட்டாயம் நடக்கும்' என்று உறுதியாகச் சொல்லும் வடிவம் வேறு. இந்த வடிவமோ, 'நடக்கும் என்று தோன்றுகிறது', 'நடக்கக்கூடும்' என்று கொஞ்சம் தயங்கிச் சொல்வது. கசாக் இலக்கண நூல்களில் இதற்கு ஊக எதிர்காலம் என்ற பொருள்பட ஒரு பெயரே இருக்கிறது. பல பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு வீட்டில், புதிதாகப் பிறந்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, 'இவன் நிச்சயம் இருப்பான்' என்று அடித்துச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? 'இருப்பான், பார்ப்போம்' என்ற அளவில்தான் சொல்ல முடியும். அந்தத் தயக்கமும் அந்த நம்பிக்கையும் ஒரே எழுத்தில் அடங்கியிருப்பதனால்தான் 'நிலையானவன்' என்ற மொழிபெயர்ப்பு எனக்குப் போதவில்லை.

இன்னொன்றும் உண்டு. கசாக் மொழியில் படர்க்கை வினைக்குப் பால் வேறுபாடு கிடையாது. அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் வினைமுற்று ஒன்றே. ஆகவே 'தோக்தார்' என்பதற்கு 'அவன் தங்குவான்' என்றும் பொருள் கொள்ளலாம். 'அது நின்றுவிடும்', அதாவது வீட்டுக்குள் புகுந்துவிட்ட அந்தச் சாவு வரிசை இத்தோடு நின்றுவிடும் என்றும் பொருள் கொள்ளலாம். பெயர் விளக்கம் சொல்பவர்கள் இரண்டையுமே சொல்வது வழக்கம். எழுவாய் இல்லாத ஒரு சொல்லில் பிள்ளையும் மரணமும் அருகருகே நிற்கின்றன.

இதே வேரிலிருந்து 'தோக்தாசின்' என்றும் ஒரு பெயர் உண்டு. கசாக்கின் '-சின்' விகுதி, தமிழின் 'நிற்கட்டும்', 'இருக்கட்டும்' என்பவற்றில் வரும் '-அட்டும்' செய்கிற அதே வேலையைச் செய்கிறது. ஆகவே தோக்தாசின் என்றால் 'தங்கட்டும்'. 'துர்' என்பது நில், இரு, வாழ் என்ற பொருள்களை உடைய மற்றொரு வினையடி. அதிலிருந்து வரும் துர்சுன் என்ற பெயருக்கு 'இருக்கட்டும்' என்று பொருள். நடு ஆசியா முழுவதும் பரவிய பெயர் இது. 1911 முதல் 1977 வரை வாழ்ந்த தாஜிக் கவிஞர் மிர்சோ துர்சுன்சோதாவின் பெயரில் அந்நாட்டில் ஒரு நகரமே இருக்கிறது. தாஜிக் மொழியோ பாரசீகக் குடும்பத்தைச் சேர்ந்தது. இருந்தும் 'துர்சுனின் மகன்' என்று பொருள் தரும் அந்தப் பெயருக்குள் ஒரு துருக்கிய வேண்டுதல் குடியிருக்கிறது.

'தோக்தா' மிகப் பழைய சொல். உஸ்பெக், கிர்கிஸ், உய்குர், தாத்தார் மொழிகளிலும் சிறுசிறு ஒலி மாற்றங்களோடு வழங்குகிறது. மங்கோலிய மொழியிலும் 'நிலைபெறு' என்ற பொருளில் இதை ஒத்த வினை இருக்கிறது. மங்கோலியர் நிறுவிய பொற்கூட்ட அரசை 1291 முதல் 1312 வரை ஆண்ட கானின் (அரசரின்) பெயர் தோக்தா. 1382-இல் மாஸ்கோவை எரித்தவரும், 1395-இல் தெரெக் ஆற்றங்கரையில் தைமூரிடம் தோற்றவருமான தோக்தாமிஷ் கானின் பெயரும் இந்த வினையடியின் மேல் எழுந்ததே. அங்கே விகுதி இறந்தகாலத்தைக் காட்டுவதால் 'நிலைபெற்றவன்' என்று பொருள் வரும். கெரேயும் ஜானிபெக்கும் கசாக் கானரசை நிறுவியதாகச் சொல்லப்படும் 1465-ஆம் ஆண்டுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்பே, கசாக் மக்களின் நாடான இந்தப் பெரும் புல்வெளியில் இச்சொல் மனிதர்களின் பெயராகிவிட்டது என்பதற்கு இவை போதிய சான்று.

இனி அந்த விண்வெளி வீரரின் முழுப்பெயர். தோக்தார் ஓங்கர்பாய்உலி அவுபாகிரோவ் என்பது அது. 'உலி' என்றால் மகன். ஓங்கர்பாய் அவருடைய தந்தை. 'ஓங்கர்' என்பது செம்மைப்படுத்து என்ற பொருளுடைய துருக்கிய வினை. 'பாய்' என்பது செல்வன், பெருந்தனக்காரன் என்ற பொருளில் ஆண் பெயர்களுக்குப் பின்னால் சேர்வது. அவுபாகிரோவ் என்பதில் இருப்பது முதல் கலீஃபாவான அபூபக்கரின் பெயர்; கசாக் நாவில் அது அவுபாகிர் என்று திரிந்து, ரஷ்ய ஆட்சியில் '-ஓவ்' என்னும் வாலும் சேர்ந்துகொண்டது. புல்வெளியின் பழைய வினை, இஸ்லாம் கொண்டுவந்த அரபுப் பெயர், ரஷ்யப் பதிவேட்டு எழுத்தர் ஒட்டிய விகுதி என்று, கசாக் மக்களின் வரலாறு ஒரே மனிதரின் கையெழுத்தில் கிடக்கிறது. நாடு விடுதலை பெற்ற பிறகு, 1996-இல் வந்த குடியரசுத் தலைவரின் ஆணை, கசாக் இனத்தவர் விரும்பினால் இந்த ரஷ்ய விகுதிகளை நீக்கிக்கொள்ள வழி செய்தது. இன்றைய இளைஞர்கள் பலர் தந்தை பெயரோடு 'உலி' அல்லது 'கிசி' (மகள்) மட்டும் சேர்த்து எழுதுகிறார்கள்.

தோக்தார் அவுபாகிரோவ் 1946-இல் பிறந்தவர், சோதனை விமானி. 1989 நவம்பர் 1-ஆம் தேதி, மிக்-29கே விமானத்தை முதன்முறையாக விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் இறக்கியவர் அவர்தான். 1991 அக்டோபர் 2-ஆம் தேதி கசகஸ்தானில் உள்ள பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து சோயுஸ் டிஎம்-13 கலத்தில் புறப்பட்டு, மிர் விண்வெளி நிலையத்தில் தங்கி, அக்டோபர் 10-ஆம் தேதி திரும்பினார். ஏற்கெனவே அங்கே இருந்த விண்வெளி வீரர் செர்கேய் கிரிகாலியோவுக்கு மாற்றாக நீண்ட காலம் இருக்கும் பயிற்சி அவருக்கு அளிக்கப்படாததால், கிரிகாலியோவ் 1992 மார்ச் வரை மேலேயே இருக்க நேர்ந்தது. கசகஸ்தான் விடுதலையை அறிவித்தது 1991 டிசம்பர் 16-இல். ஆகவே 'தங்குவான்' என்று பெயரிடப்பட்ட ஒரு கசாக் பிள்ளை, சோவியத் ஒன்றியத்தின் கடைசி மாதங்களில் மண்ணை விட்டு மேலே போய், எட்டு நாளில் தன் மண்ணுக்கே திரும்பி வந்தான் என்று சொல்வது மிகையாகாது.

கேள்வி: பிள்ளைகள் தங்காத வீட்டில் கசாக் மக்கள் நாயின் பெயரைக்கூட வைப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? அதற்கும் தோக்தார் போன்ற பெயர்களுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்மை. இரண்டும் ஒரே அச்சத்திலிருந்து பிறந்தவை. ஆனால் வழி வேறு. தோக்தார், துர்சுன் போன்ற பெயர்கள் வெளிப்படையாக வேண்டிக்கொள்பவை. நாய்ப் பெயர்களோ மறைத்து வைப்பவை. பிள்ளைகளைக் கொண்டுபோகும் தீய சக்திகளின் பார்வையிலிருந்து குழந்தையை ஒளித்துவைக்க, அது ஒன்றுக்கும் உதவாத உயிர் என்று நம்பவைக்கும் பெயரை இடுவார்கள். இத்பாய் என்ற பெயரில் 'இத்' என்றால் நாய். குஷிக்பாய் என்பதில் 'குஷிக்' நாய்க்குட்டி. இத்எம்கென் என்றால் 'நாய்ப்பால் குடித்தவன்'. ஜமன்பாய் என்பதில் 'ஜமன்' கெட்டது. குப்பன், பிச்சை என்று பெயரிட்டு வளர்த்த நம் முன்னோருக்கு இதை விளக்கத் தேவையே இருந்திருக்காது.

நாய் அங்கே பெயரில் மட்டும் வருவதில்லை. பிறந்த குழந்தைக்கு முதன்முதலில் அணிவிக்கும் சட்டையையே 'நாய்ச் சட்டை' என்று பொருள்படும் 'இத் கோய்லெக்' என்ற பெயரால்தான் அழைப்பார்கள். மெல்லிய துணியில், ஓரம் மடித்துத் தைக்காமல் அதைச் செய்வார்கள். நாற்பதாம் நாள் அதைக் கழற்றி, அதற்குள் மிட்டாய்களை வைத்துக் கட்டி, ஒரு நாயின் கழுத்தில் மாட்டி விரட்டுவார்கள். ஊர்ப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு நாயைத் துரத்திப் பிடித்து மிட்டாயைப் பகிர்ந்துகொள்வார்கள். ஆபத்து மிகுந்த முதல் நாற்பது நாளின் துணி நாயோடு போய்விடுகிறது. குழந்தை வீட்டில் இருக்கிறது.

மூன்றாவது ஒரு வழி, விற்று வாங்குவது. குழந்தையைப் பெற்றவர்கள் அதை வேறொருவருக்கு விற்றதுபோல் கொடுத்துவிட்டு, பிறகு விலை கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். குறி வைத்து வரும் சாவுக்கு, இது அந்த வீட்டுப் பிள்ளையே அல்ல என்று தோன்றட்டும் என்பதற்காக. அப்படி வந்த பெயர்தான் சாத்திபால்தி, 'விலைக்கு வாங்கினான்'. கிர்கிஸ் மக்களின் புகழ்பெற்ற பாடகரும், கோமூஸ் என்னும் நரம்புக் கருவியை வாசிக்கும் இசைக் கலைஞருமான தோக்தோகுலின் (1864–1933) தந்தை பெயர் சாத்தில்கான். அதற்கு 'விற்கப்பட்டவன்' என்று பொருள். தோக்தோகுல் என்பதன் முற்பகுதியில் நாம் பார்த்த அதே 'தோக்தா' இருக்கிறது. தந்தையை விற்றுக் காப்பாற்றினார்கள், மகனைத் தங்கச் சொல்லிக் காப்பாற்றினார்கள் என்றே அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துப் படிக்கத் தோன்றுகிறது.

எனக்கு மனத்தைப் பிசைகிற பெயர் இவற்றில் வேறொன்று. தோலெகென் என்பது அது. 'தோலே' என்றால் ஈடு செய், கடனைத் திருப்பிக் கொடு. இறந்த பிள்ளைக்குப் பதிலாகப் பிறந்தவனுக்கு 'ஈடாக வந்தவன்' என்ற பொருளில் தோலெகென் என்று பெயரிடுவார்கள். கிஸ் ஜிபெக் என்னும் கசாக் காதல் காவியத்தின் நாயகன் பெயரும் இதுவே; பல குழந்தைகளை இழந்தவர்கள்கூட இந்தப் பெயரை இட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்து, சோவியத் ஒன்றியத்தின் வீரர் என்ற பட்டம் பெற்ற இளைஞர் ஒருவரின் பெயர் தோலெகென் தோக்தாரோவ். 'ஈடாக வந்தவன்' முதற்பெயர். 'தங்குவான்' என்பதிலிருந்து வந்தது குடும்பப் பெயர்.

தோக்தார் என்று பெயருள்ள ஒவ்வொருவர் வீட்டிலும் பிள்ளைகள் இறந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாட்டனின் பெயராகவோ, ஊரார் மதித்த ஒருவரின் பெயராகவோ பிற்காலத்தில் இது வைக்கப்படலாம். பிறந்த காரணம் ஒன்று, வழங்கும் காரணம் வேறு.

கேள்வி: தோக்சன்பாய் என்ற பெயரும் இதே வேரிலிருந்து வந்ததா?

பதில்: இல்லை. ஒலி ஒற்றுமை மட்டுமே. 'தோக்சன்' என்றால் தொண்ணூறு. எலுபாய் (ஐம்பது), அல்பிஸ்பாய் (அறுபது), ஜெத்பிஸ்பாய் (எழுபது) என்று எண்ணுப்பெயர்களின் வரிசையில் இது வரும். குழந்தை பிறந்தபோது தந்தைக்கோ பாட்டனுக்கோ இருந்த வயதை வைத்தும், இவனும் அத்தனை ஆண்டு வாழட்டும் என்று வாழ்த்தியும் இப்படிப் பெயரிடுவார்கள்.

கேள்வி: இப்பெயர் பெண்களுக்கும் உண்டா?

பதில்: தோக்தார் ஆண் பெயராகவே வழங்குகிறது. துர்சுன் இருபாலருக்கும் பொது; பெண்களுக்கு 'குல்' (மலர்) சேர்த்து துர்சுன்குல் என்றும் சொல்வார்கள். பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்த வீட்டில் உல்போல்சின், 'ஆண்பிள்ளை ஆகட்டும்', என்று பெயரிடும் வழக்கமும் இருந்தது. அடுத்துப் பிறக்க வேண்டியவனுக்கான வேண்டுதலை வாழ்நாள் முழுவதும் தன் பெயராகச் சுமந்த அந்தப் பெண்களை நினைத்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. இங்கே 'போதும்பொண்ணு' என்று அழைக்கப்பட்டவர்களுக்கு அந்தச் சுமை தெரியும்.

கேள்வி: கணவன் வீட்டாரின் பெயரைக் கசாக் மருமகள்கள் சொல்ல மாட்டார்கள் என்கிறார்களே. அப்படியானால் மாமனார் பெயர் தோக்தார் என்றிருந்தால் 'நில்' என்று எப்படிச் சொல்வார்கள்?

பதில்: நல்ல கேள்வி. பெயரைச் சொல்லாமல் மாற்றுச் சொல்லால் குறிப்பிடும் அந்த வழக்கத்துக்கு 'அத் தெர்கெவ்' என்று பெயர். பெயரை மட்டுமல்ல, பெயரில் வரும் அன்றாடச் சொல்லையும் பழைய நாளில் தவிர்த்தார்கள் என்பதால், பெயர்கள் எல்லாம் பொருளுள்ள சொற்களாக இருக்கும் மொழியில் இது பெரிய சோதனையாகிவிடும். இதைப் பற்றி வழங்கும் கதையைக் கசாக் பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஒரு மருமகள் தண்ணீர் எடுக்கப் போனபோது, ஆற்றுக்கு அப்பால், நாணலுக்கு இப்பால், ஓநாய் ஒன்று ஆட்டைக் கடித்துத் தின்பதைப் பார்க்கிறாள். ஆனால் ஆறு, நாணல், ஓநாய், ஆடு, கத்தி, சாணைக்கல் எல்லாம் அவள் கணவன் வீட்டு ஆண்களின் பெயர்கள்! ஓடி வந்தவள், 'சலசலப்பதற்கு அக்கரையில், சரசரப்பதற்கு இக்கரையில், ஊளையிடுவது ஒன்று கத்துவதைத் தின்கிறது. அறுப்பதைத் தீட்டுவதில் தீட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள்' என்றாளாம். தோக்தார் வீட்டு மருமகளும் 'நில்' என்பதற்கு இப்படித்தான் ஏதாவது வழி கண்டுபிடித்திருக்க வேண்டும்.

கேள்வி: தமிழில் டோக்டர், டொக்தார், தோக்தார் என்று பலவாறு எழுதுகிறார்கள். எது பொருத்தம்?

பதில்: தோக்தார் என்பதே. கசாக் 'த' நம் தகரத்தைப் போலப் பல்லில் படுவது. டகரம் தேவையில்லை, 'டோக்டர்' என்றால் வாசகர் மருத்துவரைத்தான் நினைப்பார். நடுவில் வரும் ககரம் மட்டும் தொண்டையின் அடியிலிருந்து எழுவது. அதற்கெனக் கசாக் நெடுங்கணக்கில், அடியில் சிறு வால் நீண்ட தனி எழுத்து உண்டு. ரஷ்ய எழுத்தில் அது இல்லாததால் சாதாரணக் ககரமாகிவிட்டது. தமிழிலும் அதற்கு எழுத்து இல்லை, 'க்' என்று எழுதி அமைவதே வழி.

கேள்வி: பெயரிடுவதற்குத் தனிச் சடங்கு உண்டா? 'தங்குவான்' என்று பெயரிட்ட பிள்ளை தங்கிவிட்டால் அதற்கு ஏதேனும் செய்வார்களா?

பதில்: பெயரிடும்போது வீட்டுப் பெரியவரோ முல்லாவோ குழந்தையைக் கையில் வாங்கி, பாங்கு ஓதி, அதன் காதருகே குனிந்து 'உன் பெயர் தோக்தார்' என்று மூன்று முறை சொல்வார். அந்தச் சொல்லை முதலில் கேட்பது, சுற்றி நிற்பவர்களுக்கும் முன்பாக, அந்தக் குழந்தையின் காது.

தங்கிய பிள்ளைக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்யும் 'துசாவ் கெசு' என்ற சடங்கு இந்தப் பெயருள்ள குழந்தைக்கு நடக்கும்போது அதன் பொருள் கூடிவிடுகிறது. 'துசாவ்' என்பது மேய்ச்சலில் குதிரை ஓடிப்போகாமல் இருக்க முன்கால்களைப் பிணைக்கும் தளை. குழந்தை எழுந்து நின்று முதலடி வைக்கத் தொடங்கும் பருவத்தில், கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிற்றால் அதன் இரண்டு கணுக்கால்களையும் தளர்வாகக் கட்டுவார்கள். சுறுசுறுப்பும் நல்ல குணமும் உள்ள ஒருவரைக் கூட்டத்திலிருந்து தேர்ந்தெடுத்துக் கத்தியைக் கையில் கொடுப்பார்கள். அவர் குனிந்து கயிற்றை அறுத்ததும், இரண்டு பேர் இரு கைகளையும் பிடித்துக்கொள்ள, தங்கச் சொல்லிப் பெயரிடப்பட்ட அந்தக் குழந்தை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஓடத் தொடங்கும்.